பாட்டு வீடியோ பார்த்தா ஏன் எரிச்சல் வருது?

கயல்:
எங்க கல்லூரி கலைவிழாவுக்குப் பாட்டு தேர்வு செய்யற பொறுப்பு என்கிட்ட வந்திருக்கு. கேட்கும்போது பிடிக்கிற பாட்டுகூட வீடியோவா பார்த்தா எரிச்சலா இருக்கு. அதுல ஆடற பொண்ணுங்களோட உடைதான் காரணம்னு கூட வேலை பார்க்கிறவங்க சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. வேற என்ன?

எடிட்டிங் உதவியாளர்:
உடை இல்லீங்க, கட். அதாவது எந்த ஷாட்டை எங்க வெட்டி ஒட்டறோம்ங்கிறது. பாட்டு ஃபுட்டேஜ் வந்ததுமே தெரிஞ்சிடும். ஹீரோ ஆடினா தலையிலிருந்து கால்வரைக்கும் ஒரே ஷாட், ஸ்டெப் முழுசா தெரியணும். ஹீரோயினுக்கு இடுப்புக்கு ஒரு க்ளோஸ், கழுத்துக்கு ஒரு க்ளோஸ், அதுவும் ஸ்லோ மோஷன்ல. பீட் விழற இடத்துல எல்லாம் அதைத்தான் போடச் சொல்வாங்க. மாஸ்டர்கிட்ட ரிகர்சல் பார்த்து, வேர்க்க விறுவிறுக்க அவங்க ஆடினது ஹார்ட் டிஸ்க்லயே கிடக்கும். எனக்கு வயிறு எரியும்.

'ரவுடி பேபி'யை (2018) சத்தத்தை நிறுத்திட்டுப் பாருங்க. பிரபுதேவா அமைச்ச ஸ்டெப்பை தனுஷுக்கு ஈடுகொடுத்து சாய் பல்லவி ஆடறாங்க. காலும் தெரியுது, முகத்துல இருக்கிற குஷியும் தெரியுது. பாவாடை நீளத்தை வச்சுப் பாட்டை ஒதுக்கினா பழி ஆடற பொண்ணு மேலதான் விழும்.

மருதாணி:
வரியையும் விட்டுடாதீங்க. 2015-ல பொண்ணுங்களை இழிவு பண்ற கெட்ட வார்த்தையை 'பீப்' சத்தத்தால மறைச்சு வந்த சிம்புவோட 'பீப்' பாட்டுக்கு எதிரா மாதர் அமைப்புகள் போராடினப்போ வழக்கு வரைக்கும் போச்சு. ஆனா காதல் தோல்விப் பாட்டுல பொண்ணைத் திட்டினா விளையாட்டுன்னு விட்டுடறோம். 2011-ல வந்த 'கொலவெறி' ஸ்டுடியோ வீடியோவைப் பாருங்க. அதுக்கு முன்னாடியே ஒரு படத்துக்கு இசையமைச்ச ஸ்ருதி ஹாசன் அதுல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க. பாட்டுல அந்தப் பொண்ணு பக்கத்து நியாயம் ஒரு வரிகூட கிடையாது.

தேயிலைக்காரி பேத்தி:
'எஞ்சாய் எஞ்சாமி' (2021) பாருங்க கயல். அதைப் பாடின ராப் பாடகர் அறிவோட பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்சவங்க, அதுல மகாராணியாட்டம் உட்கார்ந்திருப்பாங்க. எங்க ஆச்சி வயசுக்காரங்களை ஒரு பாட்டு வீடியோ அப்படி உட்கார வச்சதைப் பார்த்து அழுதுட்டேன்.

கயல்:
அந்தப் பாட்டுக்கும் ஆட வைக்கிறேன். வீடியோ எடுக்கறதும் எங்க பொண்ணுங்கதான். அவங்களுக்கு என்ன சொல்லணும்?

எடிட்டிங் உதவியாளர்:
ட்ரைபாடைத் தரையோட இறக்க வேண்டாம், கண் மட்டத்துல நிறுத்துங்க. பாதம் ஃப்ரேமுக்குள்ள இருக்கணும். பின்வரிசையில ஆடறவங்க முகமும் ஒருதடவையாவது வரட்டும். எடிட் பண்றப்போ ஆடினவங்களையே பக்கத்துல உட்கார வச்சுக்குங்க.