வீட்டுச் சமையலுக்குக் கத்தி: தொகுப்பாக வாங்கலாமா, ஒற்றைக் கத்தி போதுமா?

கேள்வி: குழித்துறை மருமகள்

அனைவருக்கும் வணக்கம். குழித்துறையில் தனிக்குடித்தனம் தொடங்கியிருக்கிறோம். மாமியார் வீட்டில் அரிவாள்மணையும் வெட்டுகத்தியும் இருந்தன. இங்கே மேடையில் நின்றுகொண்டே அரிய வேண்டியிருப்பதால், நீண்ட நாள் உழைக்கும் கத்தியாக வாங்க விரும்புகிறேன். அன்றாடம் அரிவது உள்ளியும், மிளகாயும், துவரனுக்கு முட்டைக்கோசும் பயறும்தான். இடையிடையே அவியலுக்குச் சேனை, தடியங்காய், நேந்திரங்காய் வரும். மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீனும் அடிக்கடி உண்டு. காலம் வந்தால் சக்கையும் (பலா) உண்டு. கடையில் கேட்டால் ஐந்து கத்திகள் அடங்கிய தொகுப்பைத்தான் காட்டுகிறார்கள். கொல்லப் பட்டறைக் கத்திதான் கூர் நிற்கும் என்கிறார் என் கணவர். ஜப்பானியக் கத்தியே சிறந்தது என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். 2,500 ரூபாய்க்குள் எதை வாங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: தக்கலை வாசகர்

சகோதரிக்கு வணக்கம். தொகுப்பு வேண்டாம். அந்த ஐந்தில் இரண்டைத்தான் நாள்தோறும் எடுப்பீர்கள். மற்ற மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பதால், அந்த இரண்டின் தரம் குறைந்துவிடுகிறது. 18 முதல் 20 செ.மீ. வாய் நீளமுள்ள பெரிய கத்தி ஒன்றும், தோல் சீவவும் காம்பு நறுக்கவும் 8 அல்லது 9 செ.மீ. நீளமுள்ள சிறிய பிச்சாத்தி ஒன்றும் நீங்கள் சொன்ன காய்கறி வேலை முழுவதற்கும் போதும். எஞ்சும் பணத்தில் ஒரு சாணைக்கல் வாங்குங்கள். எவ்வளவு விலை கொடுத்த கத்தியும் தீட்டாவிட்டால் மழுங்கத்தான் செய்யும்.

அட்டைப் பெட்டியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அதைக் கொண்டு கூரைப் பற்றி எதுவும் முடிவு செய்ய இயலாது. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்திருந்தால் எந்த எஃகும் அந்தப் பெயரைப் பெற்றுவிடும். கூர் நிற்பதோ அதிலுள்ள கார்பனின் அளவையும், அதைப் பழுக்கக் காய்ச்சிக் குளிர்வித்துப் பதப்படுத்திய விதத்தையும் பொறுத்தது. ஜெர்மன் கத்திகளில் பரவலாகக் காணப்படும் எஃகில் ஏறத்தாழ 0.5 சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் இருக்கும். எஃகின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் அது 55 முதல் 58 வரை வரும். இந்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தோழி சொல்லும் ஜப்பானியக் கத்திகளில் பல 60-க்கும் மேற்பட்ட கடினம் கொண்டவை. மெல்லிய கூர் வைக்கவும் அதை நெடுநாள் காக்கவும் அவற்றால் முடியும் என்பது உண்மையே. ஆனால் நம் வீடுகளில் மரச்சீனியை எப்படி வெட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கத்தி பாதி இறங்கியதும் கிழங்கு அதைக் கவ்விக்கொள்ளும். உடனே கையைத் திருப்பிக் கிழங்கைப் பிளப்போம். அந்த ஒரு திருப்பலில், கடினமான மெல்லிய வாய் பொடிப்பொடியாகச் சில்லுவிட்டுப் போகும். சற்று மென்மையான எஃகாக இருந்தால் வளையும். வளைந்ததைத் தீட்டி நேராக்கிவிடலாம்.

கடையில் கத்தியை முனைப்பக்கமிருந்து கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முதுகு 2 மி.மீ. அளவில் தொடங்கி, வாயை நோக்கி ஒரே சீராக மெலிந்து வர வேண்டும். வாய்க்குச் சற்று மேலே தடித்திருக்கும் கத்தி, எவ்வளவு தீட்டினாலும் சேனையை அரியாது, பிளக்கவே செய்யும். பிடிக்குள் செல்லும் இரும்பு பிடியின் கடைசிவரை நீண்டிருப்பதும் முக்கியம். பாதியில் நின்றுவிடும் கத்தி நாளடைவில் ஆட்டம் கொடுக்கும்.

மறுமொழி 2: மார்த்தாண்டம் அம்மா

மகளே, உன் கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த பட்டறைக் கத்தி நன்றாகக் கூர் நிற்கும், தீட்டுவதும் எளிது. ஆனால் அதில் குரோமியம் மிகக் குறைவு என்பதால் கறுக்கும், கவனிக்காவிட்டால் துருவும் பிடிக்கும். நேந்திரங்காயையும் வாழைப்பூவையும் அதில் அரிந்தால், காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து அரிந்த துண்டுகள் கறுத்துப்போகும்; அவியலின் நிறமே கெட்டுவிடும். மாங்காயில் இரும்பு வாடையும் ஏறும். ஆகவே காய்கறிக்குத் தக்கலைக்காரர் சொன்ன கத்தியையே வாங்கிக்கொள். மீனுக்கும் சக்கைக்கும் மட்டும் பட்டறையில் ஒரு வெட்டுகத்தி அடித்து வாங்கு. சூரை மீனின் நடுமுள்ளையும் சக்கையின் கூஞ்சையும் (நடுத்தண்டு) காய்கறிக் கத்தியால் வெட்ட முற்பட்டால் அதன் வாய் போய்விடும்.

சக்கை வெட்டுமுன் கத்தியின் இருபுறமும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். சக்கைப் பால் தண்ணீருக்குப் போகாது, எண்ணெய்க்குத்தான் இளகும். வெட்டுகத்தியைக் கழுவியவுடன் துணியால் ஈரம் போகத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வைத்தால் மழைக்காலத்திலும் துரு அண்டாது. நாளாக ஆகக் கரும்படலம் ஒன்று படியும். அது கத்தியைக் காக்கும் படலம், தேய்த்துப் போக்கிவிடாதே. செந்நிறமாகத் தெரிந்தால் மட்டும் அது துரு. உடனே தேய்த்து எடுத்துவிடு.

சாளை மீனைச் சுத்தம் செய்யவும் தேங்காய் துருவவும் அரிவாள்மணைக்கு ஈடு எதுவும் இல்லை. மாமியாரிடம் கேட்டு ஒன்று வாங்கிக்கொள்.

மறுமொழி 3: பாறசாலைத் தமிழன்

கத்தியைப் பற்றிச் சொன்னீர்கள்; பலகையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. மேடைக் கருங்கல்லின் மீதே வைத்து அரியும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் கத்தி எஃகைவிடக் கடினமானது என்பதால், எத்தகைய கூரும் அதில் சில நாளில் மடங்கிவிடும். கண்ணாடிப் பலகையும் அவ்வாறே. பலா அல்லது அயனி மரத்தில் ஒரு பலகை இழைத்து வாங்குங்கள். வெட்டுகத்திக்கு மட்டும் புளியங்கட்டை வேண்டும்.

தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் நல்ல கத்தியைக் கொடுப்பதற்கும் நான் உடன்படமாட்டேன். ஈரமில்லாமல் விரைந்து சுழலும் கல்லில் வாய் சூடேறி நீலம் பாய்ந்தால், அந்த இடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டிவிட்டது என்று பொருள். அங்கே எஃகின் பதம் இறங்கிவிடும். பிறகு அந்தப் பகுதியைத் தேய்த்தே எடுக்கும்வரை கூர் நிற்காது.

குழித்துறை மருமகள்

மூவருக்கும் நன்றி. அம்மா சொன்னபடி வெட்டுகத்திக்குப் பட்டறையில் சொல்லிவிடுகிறோம். சாணைக்கல் எந்த எண்ணில் வாங்க வேண்டும், கத்தியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்பதையும் தக்கலை அண்ணன் சொல்ல வேண்டும்.

தக்கலை வாசகர்

1000 எண் கல் ஒன்று போதும் சகோதரி. வாய் சில்லுவிட்டால்தான் அதைவிடச் சொரசொரப்பான 400 எண் கல் தேவைப்படும். கல்லை நீரில் நனைத்து, அது நகராதபடி ஈரத்துணியின் மேல் வையுங்கள். கத்தியின் அகலம் 45 மி.மீ. என்றால், முதுகைக் கல்லிலிருந்து 15 மி.மீ. உயர்த்திப் பிடித்தால் ஏறத்தாழ 20 பாகைச் சாய்வு கிடைக்கும்; மரச்சீனி வெட்டும் வீட்டுக்கு அது பொருத்தம். மறுபக்கத்தில் விரலை முதுகிலிருந்து வாயை நோக்கி மெல்ல இழுத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும்வரை ஒரு பக்கத்தைத் தேயுங்கள். அது அடிமுதல் முனைவரை ஒரே சீராக வந்த பிறகே மறுபக்கம் திருப்ப வேண்டும். அவசரப்பட்டு மாற்றி மாற்றித் தேய்ப்பதால்தான் பலருக்குக் கூர் ஏறுவதில்லை. கடைசியில் அழுத்தாமல் இருபுறமும் மாறி மாறி இழுத்துப் பிசிறை நீக்குங்கள். பழுத்த தக்காளியின் தோல் மேல் அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். வழுக்கிச் சென்றால் பிசிறு முழுதாகப் போகவில்லை, அல்லது சாய்வு மாறியிருக்கிறது.