கரண்ட் போன பிறகு ஹார்ட் டிஸ்க் காலி என்கிறது: தோட்டத்துப் படங்களை மீட்க வழி உண்டா?

கேள்வி (சுங்கை சிப்புட்)
வணக்கம். மேசைக் கணினியிலிருந்து 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் படங்கள் ஏறிக்கொண்டிருந்தபோது இடி மழையில் கரண்ட் போய்விட்டது. இப்போது டிஸ்க்கைச் செருகினால் எம்பிஆரா, ஜிபிடியா (டிஸ்க்கின் பகுதிகளைப் பதிவுசெய்யும் இரண்டு முறைகள்) என்று விண்டோஸ் கேட்கிறது. மொத்த இடமும் ஒதுக்கப்படாதது என்று காட்டுகிறது. நான் எதையும் அழுத்தவில்லை.

உள்ளே இருப்பவை எங்கள் தோட்டத்துக் குடும்பங்களின் பழைய படங்கள். தோட்டத் தொழிலாளர்கள் பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்க, மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரங்களும் உண்டு. லயங்களை (தோட்டத்து வரிசை வீடுகளை) இடித்தாகிவிட்டது, ஆட்களும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். படத்தில் இருப்பது யார், எந்த வருஷம் என்று பெரியவர்களைக் கேட்டுத்தான் ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் வைத்தேன். அவர்களில் சிலர் இப்போது இல்லை. கடையில் கேட்கும் தொகை எனக்குக் கட்டாது. இலவச மென்பொருளில் முடியுமா?

பதில் (ஈப்போ)
தங்கச்சி, எதையும் அழுத்தாமல் விட்டதே பெரிய விஷயம். அந்தக் கேள்விக்கு ரத்து கொடுங்கள். டிஸ்க்கில் இனி ஒரு கோப்பும் எழுத வேண்டாம். டக் டக் என்று சத்தம் வருகிறதா? வந்தால் உடனே கழற்றிவிடுங்கள், அது மென்பொருள் வேலை இல்லை.

சத்தம் இல்லையென்றால் நம்பிக்கை வைக்கலாம். எம்பிஆர் முறையில் பார்ட்டிஷன் அட்டவணை, அதாவது டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் பட்டியல், முதல் செக்டரில் (டிஸ்க்கின் சிறு கட்டத்தில்) வெறும் 64 பைட். அது போனால் டிஸ்க் காலி மாதிரி தெரியும், படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பதில் (கூலிம்)
ஃபோட்டோரெக்னு ஒரு இலவச மீட்பு மென்பொருள் இருக்கு, அதைப் போடுங்க அக்கா. படங்களை எடுத்துக் கொடுத்துவிடும்.

பதில் (ஈப்போ)
தம்பி, அதைக் கடைசியில் வைப்போம். ஃபோட்டோரெக் கோப்புகளின் தொடக்க அடையாளத்தைப் பார்த்துத் தேடுவது. படம் வரும், ஆனால் பெயரும் கோப்புறையும் வராது. இவருக்குப் பெயர்தான் பாதி சொத்து.

தங்கச்சி, 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அது ஃபேட்32 வடிவில் இருக்கக் கூடாது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்பு வேலைக்கான லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குப் பதிலாக அதிலிருந்து கணினியைத் துவக்குங்கள். அதில் டிஸ்க்கை அப்படியே பிரதி எடுக்கும் டிடிரெஸ்க்யூ இருக்கிறது. பழைய டிஸ்க் முழுவதையும் ஒரே பிரதிக் கோப்பாகப் புதியதில் எடுங்கள். எது மூலம், எது இலக்கு என்று அளவை வைத்து இரண்டு தடவை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் எல்லாம் போச்சு. எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் வரைபடக் கோப்பையும் (மேப்ஃபைல்) சேர்த்துக் கொடுங்கள், அது இருந்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அப்புறம் தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் மென்பொருளைப் பிரதிக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். கிறிஸ்டோஃப் கிரெனியர் எழுதியது, ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம், அதற்குப் பணம் கேட்கும் தளத்தை நம்ப வேண்டாம். இன்டெல் வகை, அனலைஸ், குவிக் சர்ச் என்று போங்கள். பார்ட்டிஷன் தெரிந்தால் 'பி' விசை கோப்புகளைக் காட்டும். தெரியாவிட்டால் டீப்பர் சர்ச்.

பதில் (காஜாங்)
என் மடிக்கணினியில் எஸ்எஸ்டி. அழிந்த கோப்புக்கும் இதே வழிதானா?

பதில் (ஈப்போ)
அழித்த கோப்பின் இடத்தை எஸ்எஸ்டி காலி செய்துகொள்ள விடும் டிரிம் கட்டளை வேலை செய்திருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. உடனே அணைத்துவிட்டுத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர் (சுங்கை சிப்புட்)
அண்ணே, பிரதி ராத்திரி முழுக்க ஓடியது. சில செக்டர்களைப் படிக்க முடியவில்லை என்று காட்டியது. குவிக் சர்ச்சிலேயே பார்ட்டிஷன் வந்துவிட்டது. 'பி' அழுத்தினேன், கோப்புறைகள் எல்லாம் அதே பெயரோடு இருக்கின்றன! இப்போது டெஸ்ட்டிஸ்க்கில் ரைட் (அட்டவணையை எழுது) கொடுத்துப் பழைய டிஸ்க்கைச் சரி செய்துவிடலாமா?

பதில் (ஈப்போ)
ரொம்ப சந்தோஷம். ரைட் வேண்டாம். அதே பட்டியலில் 'ஏ' அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். பிறகு பெரிய 'சி' அழுத்தி, புதிய டிஸ்க்கில் வேறு கோப்புறைக்கு நகலெடுங்கள். திறக்காத படங்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனபோது ஏறிக்கொண்டிருந்தவை அரைகுறையாக இருக்கலாம், அவற்றை மேசைக் கணினியில் தேடுங்கள். மற்றவற்றுக்கு மட்டும் அந்தக் குடும்பங்களைத் தேடிப்போய் மறுபடி ஸ்கேன் செய்தால் போதும். படிக்காத செக்டர் உள்ள பழைய டிஸ்க்கில் இனி எதையும் வைக்காதீர்கள். நகலெடுத்து முடிந்ததும் இன்னொரு பிரதி எடுத்து வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.