பிஇசி (பல்ஸ்டு எடி கரண்ட்) ரீடிங் லைன் முழுக்கக் கம்மி, யூடி (அல்ட்ராசோனிக்) சரியாக் காட்டுது. அவசரம்!

குருவி_என்டிடி:
எல்லாருக்கும் வணக்கம். 8 இன்ச் ஷெட்யூல் 40 பைப் லைன், சுவர் தடிமன் பார்க்க இன்சுலேஷன் பிரிக்காம பிஇசி போட்டுட்டு இருக்கோம். எங்க வெச்சாலும் 6.8, 6.9 மிமீ. ஒரு வெல்டு தாண்டினா அந்த ஸ்பூல் (அடுத்த வெல்டு வரைக்கும் உள்ள பைப் துண்டு) முழுக்க 6.2. நாமினல் (அந்த சைஸுக்கு இருக்க வேண்டிய தடிமன்) 8.18. சந்தேகத்துல ஒரு இடத்துல இன்சுலேஷன்ல ஜன்னல் வெட்டி யூடி வெச்சா 8.3! கேபிள் மாத்தியாச்சு, மெஷின் ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. நாளைக்கு ரிப்போர்ட். என்ன பிரச்சனை?

தகரக்கடை:
கிளாடிங் (இன்சுலேஷன் மேல போர்த்துற தகடு) ஜிஐ ஷீட்டா, அதாவது துத்தநாகம் பூசின இரும்பா? அப்போ அதுதான். ஜிஐ உள்ள இரும்புதானே, காந்தப்புலத்தை அதுவே பாதி முழுங்கிடும், ஒவ்வொரு பல்ஸுக்கும் ஷீட் அதிரும். அதுக்குன்னு தனி புரோப் வேணும்.

ஆறுமணி_பக்கம்:
கிளாடிங் என்ன, எத்தனை மிமீ? இன்சுலேஷன் தடிமன்? லைன் ஓடுதா, என்ன டெம்பரேச்சர்? எங்க கேலிபரேட் பண்ணீங்க? இதெல்லாம் சொல்லாட்டி சோழி உருட்டித்தான் பார்க்கணும்.

பழைய_லெவல்3:
பட்டனை அமுக்கினால் மிமீ வரும் என்று நினைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். பிஇசி தடிமனை அளப்பதில்லை தம்பி, நேரத்தை அளக்கிறது. காயிலில் கரண்டைச் சட்டென்று வெட்டுகிறோம். இரும்பில் எழும் சுழல் மின்னோட்டம் உள்ளே பரவி, பின்சுவரைத் தொட்டதும் சிக்னல் மடமடவென்று சரியும். அந்த முறிவு வரும் நேரம் காந்த உட்புகுதிறன், மின்கடத்துத்திறன், தடிமனின் வர்க்கம் மூன்றையும் பொறுத்தது. முதல் இரண்டும் கேலிபரேஷன் புள்ளியில் இருந்தபடியே எங்கும் இருக்கும் என்று நம்பித்தான் மெஷின் கணக்குப் போடுகிறது. பிஇசிக்கான தரநிலை ஐஎஸ்ஓ 20669 வந்தது 2017-இல். படிக்கலாம், தப்பில்லை.

குருவி_என்டிடி:
கிளாடிங் அலுமினியம் 0.7 மிமீ, ராக்வூல் இன்சுலேஷன் 50 மிமீ. லைன் ஓடுது, 140 டிகிரி. கேலிபரேஷன் ஷெட்ல கிடந்த அதே சைஸ் துண்டு பைப்புல, ராக்வூல் ஷீட் எல்லாம் சுத்தித்தான் பண்ணோம். இதெல்லாமா முக்கியம்?

ஆறுமணி_பக்கம்:
இதுதான் விஷயமே! ஷெட்ல பைப் 35 டிகிரி இருந்திருக்கும். 140-ல கார்பன் ஸ்டீலோட மின்தடை கிட்டத்தட்ட 1.4 மடங்கு. அப்போ மின்கடத்துத்திறன் குறையும், முறிவு நேரமும் அந்த அளவுக்குக் குறையும். தடிமன் அதோட வர்க்கமூலம், அதனால 0.85 மடங்கு. 8.18-ஐப் பெருக்கிப் பாருங்க, 6.9.

அந்த 6.2 வேற கதை. வெல்டுல இருந்து வெல்டு வரைக்கும், சுத்தி 360 டிகிரியும் ஒரே மாதிரி குறைஞ்சா அது அரிப்பு இல்ல, வேற ஹீட் நம்பர், அதாவது வேற உருக்குத் தொகுதியில வந்த பைப். உட்புகுதிறன் 20 சதவீதம் மாறினாலே போதும். அரிப்புன்னா திட்டுத்திட்டா இருக்கும்.

வெட்டின ஜன்னலை மூடி, அதே ராக்வூல், அதே ஷீட் போட்டு, லைன் சூட்டுலயே அங்க கேலிபரேட் பண்ணுங்க. வெல்டு, ஃபிளாஞ்ச், சப்போர்ட் பக்கத்துல வேண்டாம், அதிக இரும்பு தடிமனைக் கூட்டிக் காட்டும். 6.2 ஸ்பூலுக்குத் தனி ஜன்னல், தனி கேலிபரேஷன். அப்புறம், யூடி 8.3-ஐயும் அப்படியே எழுதாதீங்க. சூட்டுல ஒலிவேகம் குறையும், 55 டிகிரிக்கு 1 சதவீதம் கணக்கு. நிஜம் 8.1.

தகரக்கடை:
அலுமினியமா, சரி, நான் வாபஸ். ஆனா இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம்? பிஇசிக்கு பிட் (சின்ன அரிப்புக் குழி) தெரியாது. 50 மிமீ லிஃப்ட்ஆஃப்ல (புரோபுக்கும் பைப்புக்கும் உள்ள இடைவெளி) புரோப் பார்க்கிற வட்டம் 90 மிமீ வரும். அதுல 15 மிமீ அகலம், 4 மிமீ ஆழத்துல ஒரு பிட் இருந்தா சராசரி 0.1 மிமீ குறையும். யார் கண்ணுல படும்? புரொஃபைல் ரேடியோகிராஃபி (பைப் சுவரைப் பக்கவாட்டுல எக்ஸ்ரே மாதிரி படம் பிடிக்கிறது) எடுத்தா விளிம்பே தெரியும்.

பழைய_லெவல்3:
ரேடியோகிராஃபி தொடுகோட்டில் விழும் சுவரை மட்டுமே காட்டும். ஐரிடியம் என்ற கதிரியக்க மூலத்தை வைத்தால் ஏரியாவைக் காலி செய்ய வேண்டும், பெர்மிட் வேண்டும். இன்சுலேஷனுக்கடியில் வருவது பெரும்பாலும் அகலமான அரிப்பு. பிஇசி வடிகட்டி, ரேடியோகிராஃபி உறுதிசெய்ய. இரண்டையும் சண்டைக்கு விடுவது சல்லடையையும் தராசையும் ஒப்பிடுவது மாதிரி.

தகரக்கடை:
வடிகட்டின்னு நீங்க சொல்றீங்க. ரிப்போர்ட்ல "பிஇசி ஓகே"ன்னு எழுதி லைனையே மறந்துடுறாங்களே, அதைச் சொல்லுங்க.

பழைய_லெவல்3:
அது எழுதுபவர் கோளாறு.

குருவி_என்டிடி:
ஜன்னல்ல வெச்சு சூட்டோட கேலிபரேட் பண்ணியாச்சு. எல்லாம் 8.0–8.3 வருது. 6.2 ஸ்பூலும் தனியாப் போட்டா 8.1. சப்போர்ட்டுக்கு முன்னாடி, அடிப்பக்கம் மட்டும் 6.6. நாளைக்குப் பிரிக்கிறோம். நன்றி அண்ணா.

ஆறுமணி_பக்கம்:
6.6-ங்கிறது வட்டத்தோட சராசரி, அதுவும் சப்போர்ட் இரும்பு கூட்டிக் காட்டின பிறகு. உள்ள ஒரு இடம் இன்னும் மெலிஞ்சிருக்கலாம். லைன் ஓடும்போது துருவைச் சுரண்டாதீங்க, சுத்தியல் கம்பி பிரஷ் எதுவும் கூடாது. பல நேரம் அந்தத் துருதான் ஓட்டையை அடைச்சுட்டு நிக்கும். முதல்ல ரேடியோகிராஃபி. லைன்ல என்ன ஓடுது, பிரஷர் என்ன?

ஆறுமணி_பக்கம்:
குருவி, பார்த்தீங்களா?