உதவி: சென்சார் டிரைவர் சஸ்பெண்டில் எப்போதாவது ஹேங் ஆகிறது, பிரிண்ட்கே போட்டால் வருவதில்லை

புதுமோட்யூல்:
அவசரம். லைட் சென்சார் ஒன்றுக்கு லினக்ஸில் டிரைவர் (அதை இயக்கும் நிரல்) எழுதியிருக்கிறேன். நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் சஸ்பெண்ட் ஆகும்போது, அதாவது மின்சாரம் மிச்சப்படுத்தத் தூங்கப் போகும்போது, ஹேங் ஆகிவிடுகிறது. எப்போதும் இல்லை. சில நேரம் பத்து நிமிடத்தில், சில நேரம் அரை நாள் கழித்து. லாக் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் தடுக்கும் பூட்டு) எல்லாம் சரியாகவே போட்டிருக்கிறேன். எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு பிரிண்ட்கே (லினக்ஸின் மையமான கர்னலுக்குள் இருந்து செய்தி அச்சிடும் வரி) சேர்த்தால் பிரச்சினை வரவே இல்லை. எடுத்துவிட்டால் திரும்ப வருகிறது. நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா?

பிட்மாஸ்க்:
எந்த கர்னல்? எந்த பஸ் (சென்சாரை இணைக்கும் தடம்)? சஸ்பெண்ட் என்றால் மொத்த சிஸ்டமும் தூங்கும்போதா, அந்தச் சாதனம் மட்டும் ரன்டைமில் தூங்கும்போதா? இரண்டும் வேறு வேறு கதை. ஹேங் ஆவது எது, சென்சாரைப் படிக்கும் புரோகிராமா, மெஷினேவா? சஸ்பெண்ட் கால்பேக்கையும் (தூங்கும்போது கர்னல் கூப்பிடும் உங்கள் ஃபங்ஷன்) போடுங்கள்.

ஓசிலோ:
லைட் சென்சார் என்றால் ஐ2சி (இரண்டு கம்பி பஸ்) ஆகத்தான் இருக்கும். எப்போதாவது மட்டும் வருகிறது என்றாலே நான் முதலில் புல்-அப் ரெசிஸ்டரைத்தான் (லைனை மேல் நிலையில் வைத்திருப்பது) பார்ப்பேன். சென்சாருக்கு மின்சாரம் நிற்கும் நேரத்தில் அது டேட்டா லைனைக் கீழே பிடித்துக்கொண்டால் பஸ் முழுவதும் மாட்டிக்கொள்ளும். ஸ்கோப் (மின் சிக்னலைக் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள்.

பழைய_முனையம்:
இதே கேள்வி மாதத்துக்கு ஒரு முறை வந்துவிடுகிறது. கர்னல் சோர்ஸிலேயே டாக்குமென்டேஷனில், பவர் ஃபோல்டருக்குள், ரன்டைம்_பிஎம் (பிஎம் என்றால் பவர் மேனேஜ்மென்ட்) என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதை ஒரு தடவை முழுதாகப் படித்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். கெட்_சிங்க் (சாதனத்தை எழுப்பி, அது எழும்வரை காத்திருக்கும் அழைப்பு) திருப்பித் தரும் மதிப்பை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். அது தோற்றாலும் யூசேஜ் கவுண்ட் (சாதனத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) ஒன்று ஏறிவிடும். எரர் வந்து திரும்பும் வழியில் புட்_நோஐடில் கூப்பிடாவிட்டால் அந்தக் கவுண்ட் இறங்கவே இறங்காது. இதற்காகத்தான் கர்னல் 5.10-இல் ரெசியூம்_அண்ட்_கெட் (தோற்றால் கவுண்டைத் தானே இறக்கிவிடும்) வந்தது. முதலில் அதற்கு மாறுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

பிட்மாஸ்க்:
@பழைய_முனையம், நீங்கள் சொல்வது உண்மையான தவறுதான், பல டிரைவர்களில் இருந்தது. ஆனால் கவுண்ட் இறங்காவிட்டால் சாதனம் தூங்காமல் கிடக்கும், அவ்வளவுதான். ஹேங் ஆகாது.

பழைய_முனையம்:
அடித்தளம் சரியில்லாத கோட்டில் மேலே எதைத் தேடினாலும் வீண். அதைத்தான் சொன்னேன்.

புதுமோட்யூல்:
மன்னிக்கவும், விவரம் விட்டுப்போயிற்று. கர்னல் 6.1, ஐ2சி. ரன்டைம் சஸ்பெண்ட்தான். மெஷின் ஓடுகிறது, சென்சாரைப் படிக்கும் புரோகிராம் மட்டும் நின்றுவிடுகிறது, கில் மைனஸ் 9 (கட்டாயமாக நிறுத்தும் கட்டளை) கொடுத்தாலும் சாகவில்லை. லாக்டெப் (லாக் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கர்னல் வசதி) ஆன் செய்து பார்த்தேன், ஓர் எச்சரிக்கையும் இல்லை. அதனால்தான் லாக் சரி என்று சொன்னேன். இன்னொன்றும் கவனித்தேன்: சில நேரம் சென்சார் தூங்குவதே இல்லை, மணிக்கணக்காக ஆக்டிவ் என்றே காட்டுகிறது.

பழைய_முனையம்:
தூங்குவதே இல்லை. கவுண்ட் கசிவு. முதலிலேயே சொன்னேன்.

சிறுபொறி:
நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும் என்றால் இதில் தலையைக் கொடுக்காதீர்கள் சகோ. சிஸ்எஃப்எஸ்-இல் (கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அந்தச் சாதனத்தின் பவர் ஃபோல்டரில் கன்ட்ரோல் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் "ஆன்" என்று எழுதிவிடுங்கள். ரன்டைமில் அது தூங்கவே தூங்காது, ஹேங்கும் வராது.

தூங்கா_திரி:
அப்படிச் செய்தால் கோளாறு மறையுமே தவிரப் போகாது. பேட்டரியில் ஓடும் பொருளாக இருந்தால் இரவு முழுக்கச் சென்சாருக்கும் அதன் ரெகுலேட்டருக்கும் (சென்சாருக்கு மின்சாரம் தரும் பகுதி) மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். சில கன்ட்ரோலர்களில் ஒரே ஒரு குழந்தைச் சாதனம் விழித்திருந்தால் தாய்ச் சாதனமும் தூங்காது. ஒரு சின்ன சென்சாருக்காக மேலே இருக்கும் எல்லாமே விழித்திருக்கும்.

சிறுபொறி:
அவர் பேட்டரி என்று சொல்லவே இல்லையே. சுவரில் செருகிய பெட்டியாக இருந்தால்? பாடம் நடத்தும் நேரமா இது? காலக்கெடு அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை.

தூங்கா_திரி:
தற்காலிக வழி என்று சொல்லிக் கொடுத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். "ஹேங்கும் வராது" என்று முடித்தீர்கள். யாராவது அந்தக் கோப்பில் "ஆட்டோ" என்று மாற்றிய அன்றே திரும்ப வரும். இப்படி "ஆன்" வைத்து அனுப்பிய டிரைவர் ஒன்றை ஒரு வருடம் கழித்து நான் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், ஏன் "ஆன்" என்று எங்கும் குறிப்பு இல்லை. மூன்று வாரம் போயிற்று எனக்கு.

சிறுபொறி:
சரி, தற்காலிகம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலை நடக்க வேண்டியவருக்கு இன்றைக்கு ஒரு வழி வேண்டும், அதைக் கொடுத்தது தவறில்லை.

பிட்மாஸ்க்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். @புதுமோட்யூல், கில் 9-க்கும் சாகவில்லை என்றால் அந்த டாஸ்க் டி நிலையில் (எதற்கோ காத்து, இடையில் எழுப்ப முடியாத தூக்கத்தில்) இருக்கிறது. அடுத்த முறை ஹேங் ஆனதும் ப்ராக்-இல் இருக்கும் சிஸ்ஆர்க்யூ-ட்ரிக்கர் கோப்பில் டபிள்யூ என்ற எழுத்தை மட்டும் எழுதுங்கள். டி நிலையில் நிற்கும் எல்லா டாஸ்க்குகளின் ஸ்டாக்கும் (எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்ற பட்டியல்) டிமெஸ்ஜியில் (கர்னல் செய்திப் பதிவு) விழும். ஹங்-டாஸ்க் எச்சரிக்கை ஆனில் இருந்தால் 120 விநாடி கழித்து அதுவாகவே சொல்லும், ஆனால் காத்திருக்க வேண்டாம். அப்படியே வொர்க் ஃபங்ஷன் (பின்னணியில் ஓடும் வேலை), சஸ்பெண்ட், ரெசியூம் (எழுப்புவது) மூன்றிலும் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஓசிலோ:
ஸ்கோப் பார்த்தீர்களா?

புதுமோட்யூல்:
ஸ்கோப் கையில் இல்லை. டபிள்யூ எழுதிப் பார்த்தேன், மூன்று டாஸ்க் நிற்கிறது. என் புரோகிராம் ஆர்பிஎம்_ரெசியூமில் (சாதனத்தை எழுப்பும் கர்னல் ஃபங்ஷன்). ஒரு கேவொர்க்கர் (பின்னணி வேலைகளை ஓட்டும் கர்னல் திரெட்) என் போல்_வொர்க்குக்குள் (சென்சாரை அவ்வப்போது படிக்கும் வேலை), அதுவும் ஆர்பிஎம்_ரெசியூமில். இன்னொரு கேவொர்க்கர் ஆர்பிஎம்_சஸ்பெண்ட் வழியாக என் சஸ்பெண்ட் கால்பேக்குக்குள் வந்து கேன்சல்_டிலேய்ட்_வொர்க்_சிங்க்-இல் (வேலையை ரத்து செய்து, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருப்பது) நிற்கிறது.

கோட்: போல்_வொர்க்கில் கெட்_சிங்க், ரெஜிஸ்டர் படிப்பது, மார்க்_லாஸ்ட்_பிஸி (கடைசியாகப் பயன்படுத்திய நேரத்தைக் குறிப்பது), புட்_ஆட்டோசஸ்பெண்ட் (கவுண்டை இறக்குவது), பிறகு 2000 மில்லிசெகண்டில் தன்னையே மறுபடி க்யூ செய்வது. சஸ்பெண்டில் அந்த வொர்க்கை கேன்சல் செய்து ரெகுலேட்டரை அணைப்பது. ரெசியூமில் ரெகுலேட்டரைப் போட்டு, கான்ஃபிக் எழுதி, வொர்க்கை க்யூ செய்வது. ஆட்டோசஸ்பெண்ட் டிலேயும் (சும்மா இருந்தால் எவ்வளவு நேரம் கழித்துத் தூங்க வேண்டும் என்பது) 2000.

பிட்மாஸ்க்:
ஆள் கிடைத்துவிட்டார். இந்த இரண்டு கேவொர்க்கரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நடப்பது இதுதான். ஆட்டோசஸ்பெண்ட் டைமர் முடிந்ததும் பிஎம் கோர் கவுண்ட் பூஜ்யமா என்று பார்த்து, நிலையை சஸ்பெண்டிங் என்று மாற்றிவிட்டு உங்கள் கால்பேக்கைக் கூப்பிடுகிறது. அதே நொடியில் போல்_வொர்க்கும் ஓட ஆரம்பித்து கெட்_சிங்க் கேட்கிறது. நிலை சஸ்பெண்டிங் என்றால் கெட்_சிங்க் "சஸ்பெண்ட் முடியட்டும், அப்புறம் எழுப்புகிறேன்" என்று தூங்கிவிடும். சஸ்பெண்ட் கால்பேக்கோ "வொர்க் முடியட்டும், அப்புறம் அணைக்கிறேன்" என்று கேன்சல்_சிங்க்-இல் உட்கார்ந்திருக்கிறது. இவர் முடிய அவர், அவர் முடிய இவர். உங்கள் புரோகிராம் மூன்றாவதாக வந்து அதே வரிசையில் மாட்டிக்கொள்கிறது.

சில நேரம் மட்டும் ஏன் என்றால், வொர்க் முந்தினால் கவுண்ட் ஏறிவிடும், சஸ்பெண்ட் தொடங்காது. சஸ்பெண்ட் நன்றாக முந்தினால் வொர்க் க்யூவிலேயே ரத்தாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய இடைவெளியில் விழுந்தால்தான் ஹேங். இரண்டு எண்ணும் 2000 என்று வைத்ததால் இரண்டு டைமரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிகின்றன, அதனால் அந்த இடைவெளி உங்களுக்கு அடிக்கடி கிடைக்கிறது. மணிக்கணக்காகத் தூங்காததற்கும் கவுண்ட் கசிவு காரணமில்லை. ஒவ்வொரு போலும் மார்க்_லாஸ்ட்_பிஸி அடித்து ஆட்டோசஸ்பெண்டை இன்னும் 2 விநாடி தள்ளிப் போடுகிறது.

லாக்டெப் மௌனமாக இருந்தது உங்கள் கோட் சரி என்பதால் அல்ல. ரன்டைம் பிஎம்-இல் காத்திருப்பது ஒரு வெயிட் க்யூவில், அது லாக்கே இல்லை. லாக்டெப்புக்கு அது கண்ணில் படாது.

பிரிண்ட்கேயை எங்கே போட்டீர்கள்? வொர்க்கின் கடைசியில், மறுபடி க்யூ செய்வதற்கு முன்னால் என்றால் புரிகிறது. 115200 வேகத்து சீரியல் கன்சோலில் 80 எழுத்து போகவே கிட்டத்தட்ட 7 மில்லிசெகண்ட் ஆகும். அவ்வளவு தாமதம் போதும், ஒவ்வொரு தடவையும் சஸ்பெண்ட் முந்திவிடும்.

புதுமோட்யூல்:
ஆமாம், அங்கேதான் போட்டேன்! சீரியல் கன்சோல்தான். அப்படியானால் கேன்சல்_சிங்க்-ஐ வெறும் கேன்சல் என்று மாற்றினால் போதுமா?

பிட்மாஸ்க்:
வேண்டாம். அப்படிச் செய்தால் வொர்க் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெகுலேட்டர் அணையக்கூடிய நிலை வரும். காத்திருப்பது சரிதான். வொர்க் பக்கம்தான் காத்திருக்கக் கூடாது. போல் என்பது "விழித்திருந்தால் படி, தூங்கினால் விடு" வகை வேலை. அதற்குச் சாதனத்தை எழுப்பும் உரிமையே தேவையில்லை. கெட்_சிங்க்-க்குப் பதில் காத்திருக்காத ஒன்றைக் கேளுங்கள்.

தூங்கா_திரி:
கெட்_இஃப்_இன்_யூஸ். ஒரே லாக்குக்குள் நிலையைப் பார்த்துக் கவுண்டையும் ஏற்றிவிடும். பூஜ்யம் வந்தால் வொர்க் சும்மா திரும்பிவிட வேண்டும்.

பழைய_முனையம்:
இன்_யூஸ் இல்லை. அது கவுண்ட் ஏற்கெனவே பூஜ்யத்துக்கு மேல் இருந்தால்தான் ஒன்று தரும். இவருடைய சாதனம் ஆட்டோசஸ்பெண்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் விழித்திருக்கும், ஆனால் கவுண்ட் பூஜ்யம். போல் ஒரு தடவைகூட ஓடாது. இங்கே வேண்டியது கெட்_இஃப்_ஆக்டிவ். 6.1-இல் அதற்கு இரண்டாவது ஆர்க்யுமென்ட் உண்டு, அதில் ட்ரூ கொடுக்க வேண்டும். பிந்தைய கர்னல்களில் அந்த ஆர்க்யுமென்டை எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் ஹெடரைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் தெரியும்.

தூங்கா_திரி:
சரியாகச் சொன்னீர்கள், நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆக்டிவ்தான்.

பிட்மாஸ்க்:
ஆம், கெட்_இஃப்_ஆக்டிவ். திரும்பி வரும் மதிப்பு பூஜ்யமா என்று மட்டும் பார்க்காதீர்கள். ரன்டைம் பிஎம் டிசேபிள் ஆகியிருந்தால் மைனஸ் ஐஎன்வால் (தவறான அழைப்பு என்ற எரர்) வரும். அப்போது கவுண்ட் ஏறவில்லை, புட் கூப்பிடக் கூடாது. பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் மறுபடி க்யூ செய்யாமல் திரும்பிவிடுங்கள், ரெசியூம் எப்படியும் க்யூ செய்யும். போலில் இருக்கும் மார்க்_லாஸ்ட்_பிஸியையும் எடுத்துவிடுங்கள். பயனர் படிக்கும் வழியில் மட்டும் அது இருந்தால் போதும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க அரை நாள் காத்திருக்க வேண்டாம். முதலில் பழைய கோட்டிலேயே, சஸ்பெண்ட் கால்பேக்கின் முதல் வரியாக, கேன்சலுக்கு முன்னால் 300 மில்லிசெகண்ட் எம்ஸ்லீப் (வேண்டுமென்றே வைக்கும் தாமதம்) வைத்து, போல்_வொர்க்கின் இடைவெளியை 2100 ஆக்குங்கள். சட்டென்று ஹேங் ஆக வேண்டும். பிறகு புதிய கோட்டை அதே எம்ஸ்லீப்போடு ஓட்டுங்கள்.

சிறுபொறி:
இது நல்ல வழி. "ஆன்" எழுதுவதை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் சுவரில் செருகிய பெட்டி என்று நான் சொன்னது அப்படியேதான் இருக்கிறது.

ஓசிலோ:
புல்-அப்பையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள், நட்டமில்லை.

தூங்கா_திரி:
@புதுமோட்யூல், ரிமூவில் (டிரைவரைக் கழற்றும்போது ஓடும் ஃபங்ஷன்) இந்த வொர்க்கை என்ன செய்கிறீர்கள்? அங்கே கேன்சல் இல்லாவிட்டால் மோட்யூலைக் கழற்றிய பிறகும் வொர்க் ஓடும். முதலில் பிஎம் டிசேபிள், அதன் பிறகு கேன்சல். மாற்றிச் செய்தால் நடுவில் ஒரு ரெசியூம் வந்து மறுபடி க்யூ செய்துவிடும்.

தூங்கா_திரி:
@புதுமோட்யூல்?

புதுமோட்யூல்:
எம்ஸ்லீப் வைத்ததும் பழைய கோட் முதல் சஸ்பெண்டிலேயே ஹேங் ஆனது. கெட்_இஃப்_ஆக்டிவ் போட்ட பிறகு இரவு முழுக்க ஓடியது, ஒன்றும் நிற்கவில்லை, தூங்கவும் செய்கிறது. ரிமூவில் கேன்சல் இல்லாமல்தான் இருந்தது, சேர்த்துவிட்டேன். ஒப்படைக்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பிட்மாஸ்க்:
மகிழ்ச்சி. அந்த எம்ஸ்லீப்பை எடுத்துவிட்டுத்தானே ஒப்படைக்கிறீர்கள்?