நூலகக் கணினியில் நடந்த, மனசை விட்டுப் போகாத ஒன்று: உங்களுடையது?

செந்தூல்வாசி:
2000 வாக்கில், கே.எல்.லில் (கோலாலம்பூரில்) ஒரு நூலகம். ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் பதிந்தால் அரை மணி நேரம். பக்கத்து நாற்காலிப் பெரியவர், "மகன் தமிழ்லயே மெயில் எழுதியிருக்கான், தொறந்து குடு தம்பி" என்றார். திறந்தேன். திரை முழுக்கத் தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த வெள்ளைக்கார எழுத்து. அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. என் பையில் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளின் டிஸ்கெட் இருந்தது. பணியாளரிடம் கேட்டால், வெளி டிஸ்கெட் போடக்கூடாதாம். பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "என்ன பாஷை இது?" தமிழ்தான் ஐயா என்றேன். நான் கேலி பண்ணுகிறேன் என்றே நினைத்துவிட்டார். பேசாமல் எழுந்து போனார்.

தட்டச்சுப் பித்தன்:
பணியாளரைக் குறை சொல்லாதீர்கள். நானும் நூலகத்தில் கணினி பார்த்துக்கொண்டவன்தான். எவனோ கொண்டுவந்த டிஸ்கெட்டிலிருந்து வைரஸ் ஏறி எட்டுக் கணினியும் படுத்தன, திட்டு வாங்கியவன் நான். என் கதை அவ்வளவுதான். உங்களுடையதற்கு வருகிறேன். விண்டோஸ் 98இல் தமிழ் யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) கிடையாது. ஆளுக்கொரு குறியீடு, அதில் ஒன்றான திஸ்கியில் எழுதியதைத் திஸ்கி எழுத்துரு இல்லாமல் படிக்க முடியாது. 2001இல் கே.எல்.லிலேயே தமிழ் இணைய மாநாடு நடந்தபோதும் இந்தத் தலைவலி தீரவில்லை. விண்டோஸ் 2000இல் லதா என்ற தமிழ் யூனிகோடு எழுத்துரு வந்தது சரி, ஆனால் அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பியில்கூட சிடி போட்டு மொழி ஆதரவைத் தனியாக ஏற்ற வேண்டியிருந்தது. மகன் கடிதத்தைப் படமாக்கி அனுப்பியிருக்கலாம். பிடிஎஃப் இன்னும் நல்லது, எழுத்துருவை உள்ளேயே பொதிந்துவிடலாம்.

பட்டர்வர்த் படகு:
இருபத்தைந்து வருஷம் கழித்து பிடிஎஃப் யோசனையா அண்ணே!
என்னுடையது பினாங்கில். வருமான வரி இ-ஃபைலிங், ஏப்ரல் 30க்குள் அனுப்பணும் என்ற பதற்றம். உட்கார்ந்தால், முந்தி இருந்தவரின் வரிப் பாரம் (படிவம்) அப்படியே திறந்து கிடக்கு. பெயர், ஐசி, வருஷச் சம்பளம். மூடியிருக்கணும். மூடவில்லை, படித்தேன். வீட்டில் ரெண்டு பிள்ளைகள், அந்தச் சம்பளத்தில் எப்படி என்று கணக்கே போட்டுவிட்டேன். அந்த அக்கா விட்டுப்போன குடைக்காகத் திரும்பி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். "பாத்துட்டியாம்மா?"
இல்லக்கா என்றேன். திரையில் அவர் பெயர் இருந்தது.

தட்டச்சுப் பித்தன்:
வெளியேறு பொத்தானை அழுத்தினால் மட்டும் போதாது தங்கச்சி, பிரவுசரையே மூடணும். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் போடுங்கள். பென்டிரைவில் இறக்கிய பாரத்தின் நகல் டவுன்லோட்ஸிலும் கிடக்கலாம், அதையும் அழிக்கணும், பிறகு குப்பைத்தொட்டியையும்…