இஜிஆர் வால்வு ஒட்டிக்கொண்டு படுத்திய பாடு: உங்களுக்கும் நடந்ததா?

மலைப்பாதை டீசல்
கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது வண்டி இழுக்கவே இல்லை. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் புகைதான் வருகிறது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் வந்த பஸ்ஸே கரும்புகைக்குள் காணோம். ஓரம் கட்டியதும் கண்டக்டர் தலையை நீட்டி, "கொசு மருந்து அடிக்கவா ஊட்டிக்குப் போறீங்க?" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. அது இன்னும் காதில் கேட்கிறது.

ஸ்கேனரில் பி0402 என்ற கோளாறு எண் வந்தது. புகையில் கொஞ்சத்தைத் திருப்பி என்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு வழியாக அளவுக்கு மேல் புகை போகிறது என்று அர்த்தம். வால்வு பாதி திறந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து மாட்டினார். சில மாதம் நன்றாக ஓடியது. இப்போது மறுபடியும் ஐட்லிங்கில் உதறுகிறது.

கோவை கிரீஸ்
வால்வை மட்டும் கழுவினால் உதறத்தான் செய்யும். எனக்கு வந்தது பி0401, அதாவது புகை போதுமான அளவு திரும்பிப் போகவில்லை. சர்வீஸில் வால்வையே புதிதாக மாற்றச் சொன்னார்கள், அதன் விலையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தெரிந்த மெக்கானிக் என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிக் காட்டினார். கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருந்தது, பென்சில்கூட நுழையாது. வால்வில் ஒரு கோளாறும் இல்லை!

பழைய வண்டி
எதற்கு இவ்வளவு பாடு? இஜிஆர் வழியைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். என் வண்டி பல வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

ஸ்பேனர் செட்
'பழைய வண்டி' சார், உங்கள் வண்டிக்கு லைட் வராமல் இருக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் அடைத்தால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். செக் என்ஜின் லைட் எரியும், பவரும் குறையலாம். புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டு எரியும் சூட்டைக் குறைக்கத்தான் இந்த வால்வு. அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு அதிகமாகும், அதை ஊரே சுவாசிக்க வேண்டும்.

என் வண்டி சிக்னலில் நின்றால் அணைந்துவிடும், கழுவியதும் சரியானது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் வீட்டில் செய்பவர்கள் கவனிக்க: என்ஜின் ஆறட்டும், பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். மோட்டார் உள்ள வால்வை ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாதீர்கள், உள்ளே பல்சக்கரம் உடையும். கிளீனர் மோட்டார் பக்கம் இறங்கக் கூடாது. கேஸ்கட் புதிதாகப் போடுங்கள். மாட்டிய பிறகு பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்து வால்வின் மூடிய நிலையை வண்டியின் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் திருப்பி விடும் புகையைக் கூலன்ட் வைத்து ஆற்றும் இஜிஆர் கூலரையும் பாருங்கள். டவுனுக்குள்ளேயே உருட்டாமல் அவ்வப்போது பைபாஸில் நன்றாக ஓட்டுங்கள்.

மலைப்பாதை டீசல்
ஸ்கேனர் வைத்துக் கற்றுக்கொடுத்தாரா என்று நாளைக்கே கேட்கிறேன். கோவை கிரீஸ், மேனிஃபோல்டு கழற்றிக் கழுவ எவ்வளவு ஆச்சு?