ஜிஎஃப்எக்ஸ் கமராவும் 600 வாற் பிளாஷும்: வெயிலில் பரதப் படம் எடுக்க எதை மாற்றுவது?

கேள்வி: வெள்ளவத்தைப் படப்பிடிப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். அரங்கேற்றத்துக்கு ஆயத்தமாகும் பரதநாட்டிய மாணவிகளைப் படமெடுப்பதே என் தொழிலில் பெரும்பகுதி. அழைப்பிதழுக்கு ஒரு படமும், மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு அச்சிட்டு வைக்க இன்னொரு படமும் கேட்பார்கள். அந்த அளவு அச்சில் கண்மையும் நெற்றிச்சுட்டியின் கற்களும் பிசிறில்லாமல் தெரிய வேண்டும் என்பதற்காகவே மீடியம் ஃபோமற்றுக்கு, அதாவது பெரிய சென்சர் உள்ள கமராவுக்கு, மாறினேன். கையில் இருப்பவை ஃபூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் கமரா, 110 மில்லிமீற்றர் எஃப் 2 லென்ஸ், பற்றரியில் இயங்கும் 600 வாற் செக்கன் கோடொக்ஸ் ஏடி600 புரோ பிளாஷ், அதன் ஒளியை மென்மையாக்கும் 90 சென்ரிமீற்றர் சொஃப்ட்பொக்ஸ் ஆகியவை.

மண்டபத்துக்குள் எடுக்கும்போது குறையேதும் இல்லை. வெளியில்தான் சிக்கல். பெற்றோர் பலர் காலிமுகத்திடலையோ சுதந்திர சதுக்கத்தையோ விரும்புகிறார்கள். ஒப்பனையும் அலங்காரமும் விடியற்காலையில் தொடங்கினாலும் முடிவதற்குள் வெயில் நன்றாக ஏறிவிடுகிறது. இந்தக் கமரா பிளாஷுடன் 1/125 செக்கனை விட வேகமான ஷட்டரில் ஒத்தியங்காது. ஐஎஸ்ஓ 100 இல் அந்த வேகத்தில் வெயிலை அடக்க லென்ஸின் துவாரத்தை எஃப் 16 வரை மூட வேண்டியிருக்கிறது. அப்போது பின்னணியில் நிற்கும் ஆட்களும் கடைகளும் முழுக் கூர்மையோடு படத்துக்குள் வந்துவிடுகிறார்கள். பிளாஷ் முழு வலுவில் எரிந்தாலும் முகத்துக்குப் போதவில்லை. அந்த எல்லையைத் தாண்டிய ஷட்டர் வேகத்திலும் பிளாஷை இயங்கவைக்கும் எச்எஸ்எஸ் முறைக்கு மாற்றினால் எஃப் 4 கிடைக்கிறது, ஆனால் ஒளி மேலும் மெலிகிறது.

1200 வாற் செக்கன் பிளாஷ் ஒன்று வாங்குவதா, லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி வடிகட்டி போட்டால் போதுமா, அல்லது இந்தக் கமராவை விற்றுவிட்டு லென்ஸுக்குள்ளேயே லீஃப் ஷட்டர் உள்ள ஹாசல்பிளாட் எக்ஸ்1டி போன்ற ஒன்றுக்குப் போவதா? செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கொட்டாஞ்சேனை ஸ்ரூடியோக்காரர்

தம்பி, 1200 வாற் பிளாஷை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இரட்டிப்பு வலு என்பது ஒரே ஒரு ஸ்டொப்தான்; ஒளி இரட்டிப்பதையோ பாதியாவதையோதான் ஒரு ஸ்டொப் என்கிறோம். இப்போதுள்ள பிளாஷை இரண்டு மீற்றரிலிருந்து 1.4 மீற்றருக்கு நகர்த்தினால் அதே ஒரு ஸ்டொப் செலவில்லாமல் கிடைத்துவிடும். அந்தப் பெரிய பிளாஷின் பாரத்தைக் காலிமுகத்திடல் முழுக்கச் சுமந்து திரிவதற்கு அது ஈடாகாது.

உங்கள் சிக்கலின் வேர் பிளாஷில் இல்லை, ஷட்டரில் இருக்கிறது. ஜிஎஃப்எக்ஸில் இருப்பது சென்சருக்கு முன்னால் ஓடும் திரை ஷட்டர். 43.8 x 32.9 மில்லிமீற்றர் சென்சரை அந்தத் திரை கடந்து முடிக்கக் கூடுதல் நேரம் எடுப்பதால்தான், சிறிய சென்சர் கமராக்கள் 1/200, 1/250 என்று போகும் இடத்தில் இது 1/125 இல் நின்றுவிடுகிறது. பென்ராக்ஸ் 645இசட் கமராவுக்கும் அதே எல்லைதான். லீஃப் ஷட்டரின் இதழ்களோ லென்ஸுக்குள்ளேயே திறந்து மூடுகின்றன. எந்த வேகத்திலும் முழுச் சட்டகமும் ஒருசேர ஒளி பெறுகிறது. எக்ஸ்1டியின் எக்ஸ்சிடி லென்ஸ்கள் 1/2000 வரையும், ஃபேஸ் வன் கமராவுக்கான ஷ்னைடர் குரொய்ஸ்னாக் லீஃப் ஷட்டர் லென்ஸ்கள் 1/1600 வரையும் பிளாஷோடு ஒத்தியங்குவது இதனால்தான்.

இதைக் கணக்காகப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். நல்ல வெயிலில் 1/125 இல் எஃப் 16 என்றால், 1/2000 இல் எஃப் 4. இரண்டிலும் பின்னணியின் வெளிச்சம் ஒன்றேதான். ஆனால் எஃப் 4 இல் முகத்துக்கு வேண்டிய பிளாஷ் ஒளி எஃப் 16 இல் வேண்டியதன் பதினாறில் ஒரு பங்கு. 600 வாற் செக்கன் திணறிச் செய்யும் வேலையை அங்கே ஏறத்தாழ 38 வாற் செக்கன் செய்துவிடும். லீஃப் ஷட்டருக்காக மனிதர்கள் அவ்வளவு பணம் கொடுப்பது இந்தப் பதினாறு மடங்குக்காகத்தான்.

என்டி வடிகட்டி வெயிலைக் குறைக்கும் அதே அளவு பிளாஷையும் குறைக்கிறது. நான்கு ஸ்டொப் வடிகட்டி போட்டு எஃப் 4 இல் எடுத்தால் பின்னணி மென்மையாகும், ஆனால் பிளாஷ் எஃப் 16 க்கு உழைத்ததைப் போலவே உழைக்க வேண்டும். எச்எஸ்எஸ் முறையிலும் பிளாஷுக்கும் வெயிலுக்கும் உள்ள விகிதம் நல்லதாக மாறுவதில்லை. திரை ஓடி முடியும் வரை பிளாஷ் துடித்துத் துடித்து எரிய வேண்டியிருப்பதால் தொடக்கத்திலேயே இரண்டு ஸ்டொப் அளவுக்கு வலு போய்விடுகிறது. ஆகவே அந்த இரண்டில் ஒன்றைத் தேர்வதாக இருந்தால் நான் தயங்காமல் வடிகட்டியைத்தான் தேர்வேன். உங்கள் கமராவில் மின்னணு வியூஃபைண்டர் இருப்பதால், வடிகட்டி போட்டாலும் காட்சி இருண்டுவிடாது. மலிவான வடிகட்டி மட்டும் வேண்டாம். பட்டின் நிறத்தைக் கெடுத்துவிடும்.

கமராவை விற்காமலே பாதி தூரம் போக ஒரு வழியும் இருக்கிறது. ஃபூஜிஃபில்மின் எச் மவுண்ட் அடப்டரைப் பொருத்தினால் ஹாசல்பிளாட் எச் வரிசை லென்ஸ்களை ஜிஎஃப்எக்ஸில் அவற்றின் லீஃப் ஷட்டரோடேயே பயன்படுத்தலாம். ஒத்தியங்கும் வேகம் 1/800 வரை போகும். எஃப் 16 இருந்த இடத்தில் எஃப் 6.3 கிடைக்கும். ஃபோக்கஸ் கையால்தான் செய்ய வேண்டும். அரைமண்டியில் அசையாமல் நிற்கும் மாணவிக்கு அது போதும். நகரும் அடவுக்குப் போதாது.

கேள்வி கேட்டவர்

அண்ணா, மிக்க நன்றி. வடிகட்டி பிளாஷின் குறையைத் தீர்க்காது என்பது இப்போது தெளிவாகிறது. ஆளுயரப் படத்தில் சொஃப்ட்பொக்ஸை நெருக்கமாக வைத்தால் அது சட்டகத்துக்குள் வந்துவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது? அதோடு, தாவி நிற்கும் நிலைகளையும் கேட்கிறார்கள். அவற்றில் குஞ்சலமும் விரல்நுனியும் சற்றுக் கலங்கித் தெரிகின்றன. சென்னையில் ஒரு படப்பிடிப்பும் வரவிருப்பதால், இந்தப் பிளாஷை விமானத்தில் கொண்டுபோக முடியுமா என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

பதில்: தெஹிவளையிலிருந்து, நடனப் படங்கள் எடுப்பவர்

கலங்கல் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது வெயில். 1/125 செக்கனில் தாவும் உடலை வெயிலொளி மட்டும் பதிந்தால் கட்டாயம் கலங்கும். பிளாஷ் பதியும் கூர்மையான உருவத்தின் மேல் அந்தக் கலங்கல் ஒரு நிழலுருபோலப் படிகிறது. அதைத் தவிர்க்க, மாணவியின் மேல் விழும் இயல்பொளி பிளாஷை விட இரண்டு மூன்று ஸ்டொப் குறைவாக இருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் உங்கள் கமராவால் இது இயலாது. மர நிழலில் இயலும். விகாரமகாதேவிப் பூங்காவின் பெரிய மரங்களுக்கடியில் வெளிச்சம் திறந்த வெயிலை விட மூன்று ஸ்டொப் அளவுக்கு இறங்கிவிடுவதால், அங்கே உங்கள் 600 வாற் பிளாஷ் தாராளமாகப் போதும். திறந்த வெளிதான் வேண்டுமென்றால் சூரியன் மாணவியின் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். முகம் நிழலில் விழும், பிளாஷ் அந்த நிழலை மட்டும் நிரப்பினால் போதும். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் கொழும்பில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் நண்பகலில் முதுகுப் பக்கம் என்று ஒன்று கிடைக்காது, நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாவது பிளாஷே எரியும் கால அளவு. பிளாஷ் உச்சத்துக்குச் சட்டென ஏறினாலும், அணையும்போது மெல்லத் தேய்ந்துதான் அணைகிறது. உச்சத்தின் பாதிக்கு மேல் நிற்கும் நேரத்தை டி 0.5 என்றும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிற்கும் நேரத்தை டி 0.1 என்றும் குறிப்பார்கள். அசைவை உறையவைப்பதில் டி 0.1 தான் உண்மையைச் சொல்லும். சாதாரண பிளாஷில் அது டி 0.5 இன் மூன்று மடங்கு அளவு நீளும். விளம்பரத்தில் டி 0.5 மட்டும் போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். உங்கள் ஏடி600 புரோ முழு வலுவில் டி 0.1 கணக்கில் 1/220 செக்கன் எரிகிறது. தாவும் கால்சலங்கையை நிறுத்த அது போதாது. ஐஜிபிடி என்ற மின்னணு ஆளியால் ஒளியின் வாலை வெட்டிவிடும் பிளாஷ் என்பதால், வலுவைக் குறைக்கக் குறைக்க நேரமும் சுருங்கும். எட்டில் ஒரு பங்குக்கு இறக்கினால் நிலைமை வெகுவாக மாறும். பழைய ஸ்ரூடியோ பிளாஷ்கள் பலவற்றில் இது நேர்மாறானது. வலுவைக் குறைத்தால் எரியும் நேரம் நீளும். அத்தகைய ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி நடனத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

லீஃப் ஷட்டருக்கு மாற நினைப்பவருக்கும் இது முக்கியம். 1/220 செக்கன் எரியும் பிளாஷை 1/2000 இல் எடுத்தால் ஒளியின் பெரும்பகுதி ஷட்டர் மூடிய பின்னரே வந்து வீணாகும். மேலே அண்ணன் சொன்ன பதினாறு மடங்கு, குறைந்த வலுவில் எரியும்போதுதான் முழுமையாகக் கைக்கு வரும். அங்கே அவ்வளவு வலு தேவைப்படுவதில்லை என்பதால் இரண்டும் பொருந்திப் போகின்றன.

பதில்: கொட்டாஞ்சேனை ஸ்ரூடியோக்காரர்

சொஃப்ட்பொக்ஸ் சட்டகத்துக்குள் வருவது பற்றி: கமராவை முக்காலியில் பூட்டி, பிளாஷோடு ஒரு படமும், பிளாஷை அகற்றிவிட்டு அதே இடத்திலிருந்து பின்னணியை மட்டும் இன்னொரு படமும் எடுத்து, கணினியில் இணைத்துவிடுங்கள். நிலையாக நிற்கும் படங்களுக்கு இதுவே நல்ல வழி. தாவும் படங்களுக்குச் சொஃப்ட்பொக்ஸைக் கழற்றிவிட்டு வெறும் ரிஃப்ளெக்டரோடு தூரத்திலிருந்து அடியுங்கள். வெயிலே கடுமையான ஒளி என்பதால் அதன் பக்கத்தில் அது உறுத்தாது, வலுவும் கணிசமாகக் கூடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காலிமுகத்திடலில் சொஃப்ட்பொக்ஸ் ஸ்ராண்டை மணல் மூட்டை இல்லாமல் நிறுத்தவே கூடாது. ஒருவர் கையில் பிடித்திருப்பது அதைவிடப் பாதுகாப்பு. பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியவுடன் கமராப் பையைத் திறக்க வேண்டாம். வெளியே உள்ள ஈரக்காற்று குளிர்ந்த லென்ஸில் படிந்து பனித்துவிடும். பை மூடியபடியே சூடேறட்டும். கடலோரத்தில் வேலை முடிந்தால் பிளாஷின் பற்றரித் தொடுமுனைகளையும் கமராவில் பூட்டி பிளாஷை எரியவைக்கும் ரிகரின் அடிப்பாகத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

விமானத்தைப் பொறுத்தவரை, உங்கள் பிளாஷின் பற்றரி 28.8 வோல்ற், 2600 மில்லி அம்பியர் மணி, அதாவது ஏறத்தாழ 75 வாற் மணி. பொது விதிப்படி 100 வாற் மணிக்கு உட்பட்ட லித்தியம் பற்றரிகளைக் கைப்பொதியில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மேலதிக பற்றரியைச் சரக்குப் பொதியில் வைக்க அனுமதிக்கமாட்டார்கள். அதன் முனைகளைத் தனியே மூடி, வாற் மணி அச்சிட்ட பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.